நியூ இங்கிலாந்தின் கைவிடப்பட்ட வீட்டிடங்களில் மெட்டல் டிடெக்டருடன் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் ஆகிய ஆறு மாநிலங்களையும் சேர்த்து நியூ இங்கிலாந்து என்பார்கள். அங்குள்ள காடுகளுக்குள் மறைந்து கிடக்கும் பழைய பண்ணை வீடுகளின் இடங்களில் நாணயங்களையும் பழம்பொருள்களையும் தேட விரும்பும் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

வீட்டிடம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அங்கே வீடு நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. மரத்தால் கட்டிய வீடு எரிந்தோ மக்கியோ போயிருக்கும். சில இடங்களில் பலகைகளைப் பிரித்து வேறு வீட்டுக்கு எடுத்துச் சென்றிருப்பார்கள். எஞ்சியிருப்பது வீட்டின் அடியில் கிழங்கும் ஆப்பிளும் குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்த நிலவறையின் குழி மட்டுமே. நான்கு பக்கமும் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பிய அந்தக் குழிக்குள் இன்று ஒரு பிர்ச் மரமோ பைன் மரமோ வளர்ந்து நிற்கும். அருகில் கிணறும், களஞ்சியத்தின் அடித்தளக் கற்களும், காட்டுக்குள் நீண்டு செல்லும் கல் வேலிகளும் இருக்கும். உழுத நிலத்திலிருந்து பொறுக்கிய கற்களைக் கொண்டு எழுப்பிய வேலிகள் அவை. எனவே காட்டின் நடுவே கல் வேலியைக் கண்டால், அந்த இடம் ஒரு காலத்தில் வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தது என்று கொள்ளலாம்.

இத்தனை வீடுகளை ஏன் விட்டுச் சென்றார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்தப் பகுதியின் காடுகளில் பெரும்பங்கு அழிக்கப்பட்டுப் பண்ணையாக இருந்தது. மண்ணோ மெலிந்தது, கல் மிகுந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, 1816இல் ஜூன் மாதத்திலேயே இங்கே பனி பெய்து பயிர் கருகியது. அதன் பிறகு மேற்கே செல்லும் குடும்பங்கள் பெருகின. 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும், ஒஹாயோவின் கல்லில்லாத கரிய மண்ணில் விளைந்த கோதுமை கிழக்குச் சந்தைக்கே மலிவாக வந்து சேர்ந்தது. லோவல் போன்ற ஊர்களின் பஞ்சாலைகள் இளம்பெண்களைக் கூலிக்கு அழைத்தன. உள்நாட்டுப் போர் இளைஞர்களைக் கொண்டு சென்றது. மலைச்சரிவுப் பண்ணைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின, காடு திரும்பி வந்தது. வீட்டை விட்டுச் சென்றவர்கள் நடுத்தர, ஏழை விவசாயிகள் என்பதால், பானை நிறைய வெள்ளிக் காசு புதைத்து வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்தே போவார்கள். கிடைப்பவை அவர்கள் தவறவிட்டவை மட்டுமே.

எவருடைய நிலத்தில் தேடலாம்?

உரிமையாளரின் அனுமதியைப் பெற்ற தனியார் நிலத்தில் மட்டும் என்பதே பாதுகாப்பான விடை. கூட்டரசு நிலங்களில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றித் தோண்டி எடுப்பது 1979ஆம் ஆண்டின் தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். முதல் முறை பிடிபட்டாலே 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம்; எடுத்த பொருளின் மதிப்பும் இடத்தைச் சீர்செய்யும் செலவும் கூடினால் தண்டனையும் கூடும். தேசியப் பூங்காக்களுக்குள் தோண்டுவது இருக்கட்டும், மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பதே விதிமீறலாகும். மாசசூசெட்ஸில் மாநில அரசுக்கோ ஊர் நிர்வாகத்துக்கோ சொந்தமான நிலத்தில் தொல்லியல் களஆய்வு செய்ய மாநிலத் தொல்லியல் அலுவலரின் அனுமதிச்சீட்டு வேண்டும்.

பலரும் ஆசையோடு கேட்கும் இடம் குவாபின் நீர்த்தேக்கம். பாஸ்டன் நகரத்தின் குடிநீருக்காக டேனா, என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட் என்னும் நான்கு ஊர்கள் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி இல்லாமலாக்கப்பட்டன. நீரில் மூழ்காத டேனாவின் பொதுத்திடலைச் சுற்றி நிலவறைக் குழிகளை இன்றும் வரிசையாகக் காணலாம். நடந்து சென்று பார்ப்பதற்குத் தடையில்லை. மெட்டல் டிடெக்டர் கொண்டு செல்லக் கூடாது. இந்தத் தடை நியாயமானது என்பதே என் கருத்து. அனைவருக்கும் பொதுவான ஓர் ஊரின் நினைவைத் தனி ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போவதற்கு இடமில்லை.

உரிமையாளரிடம் எப்படி அனுமதி கேட்பது?

நிலம் யாருடையது என்பதை ஊர் மன்றத்தின் வரி மதிப்பீட்டு வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலான ஊர்கள் அதை இணையத்திலேயே வெளியிட்டிருக்கின்றன. பிறகு பகல் வேளையில் நேரில் சென்று, கருவியைக் காரிலேயே வைத்துவிட்டு, கதவைத் தட்டிப் பேசுவதே சிறந்த வழி. அந்த இடத்தைக் குறித்த பழைய வரைபடத்தின் படி ஒன்றைக் கையில் கொண்டு சென்றால், பேச்சு தானாக வளரும். தம் காட்டில் யாருடைய வீடு இருந்தது என்பதை அறிய உரிமையாளர்களுக்கும் ஆவல் உண்டு. தோண்டிய குழியை மூடுவீர்கள் என்பதையும், கிடைப்பதை அவருக்குக் காட்டுவீர்கள் என்பதையும், பங்கு எப்படி என்பதையும் முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் நீதிமன்றத் தீர்ப்புகள் வேறுபடுகின்றன. எழுத்தில் இருக்கும் உடன்பாடு அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். மறுத்துவிட்டால் நன்றி சொல்லித் திரும்பிவிட வேண்டும்.

காட்டுக்குள் வீட்டிடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் துணை பழைய வரைபடங்கள். 1850களில் ஹென்றி வாலிங் வெளியிட்ட மாவட்டச் சுவர் வரைபடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளியும், அருகில் குடும்பத் தலைவரின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். அவருக்குப் பின் 1860களிலும் 1870களிலும் வந்த பியர்ஸ் நிலப்படத் தொகுதிகளிலும் அப்படியே. வாலிங் படத்தில் காணப்பட்டு, பியர்ஸ் படத்தில் இல்லாமற்போன வீடு என்றால், இடைப்பட்ட காலத்தில் அது காலியாகியிருக்கும் என்று ஊகிக்கலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் பழைய நிலப்படங்களையும் இணையத்தில் இலவசமாகப் பெறலாம்.

இரண்டாவது துணை லைடார். விமானத்திலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி, மரங்களைக் கணக்கிலிருந்து நீக்கி, தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் படம் அது. அதில் கல் வேலிகள் மெல்லிய கோடுகளாகவும், நிலவறைக் குழி சிறிய சதுரப் பள்ளமாகவும் தெளிவாகத் தெரியும். நியூ ஹாம்ப்ஷயரில் பொதுமக்களே லைடார் படத்தைப் பார்த்துக் கல் வேலிகளைக் குறிக்கும் திட்டம் ஒன்றும் உண்டு.

மூன்றாவது துணை செடிகள். லைலாக் புதர், ஆரஞ்சு நிற டே லில்லி, தரையில் படரும் பெரிவிங்கிள் ஆகியவை இந்தக் காட்டில் தாமாக வந்தவை அல்ல. யாரோ வாசலில் நட்டவை. காட்டு நடுவே மே மாதத்தில் லைலாக் பூத்திருப்பதைக் கண்டால், சில அடி தூரத்தில் வாசற்படிக் கல் இருக்கும். வரிசையாக நிற்கும் பருத்த மேப்பிள் மரங்கள் பழைய சாலையின் ஓரத்தைக் காட்டும்.

கருவி எப்படி இயங்குகிறது? எதை வாங்கலாம்?

கருவியின் கீழ்முனையிலுள்ள தேடும் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். ஒன்று மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். அதிலிருந்து எழும் சிறு புலத்தை இரண்டாவது சுருள் உணரும். அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையே உள்ள காலத் தாமதம் உலோகத்தின் கடத்துதிறன், பருமன், வடிவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், கருவி ஓர் எண்ணையும் ஓர் ஒலியையும் தருகிறது. தாழ்ந்த ஒலி இரும்பு, உயர்ந்த ஒலி வெள்ளி அல்லது தடித்த செம்பு என்பது பொது விதி. இந்தத் தத்துவம் புதிதன்று. 1881இல் துப்பாக்கியால் சுடப்பட்ட குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். அது உதவவில்லை, படுக்கையின் எஃகுக் கம்பிகள் குழப்பியிருக்கலாம் என்பார்கள். அருகிலுள்ள இரும்பு குழப்பும் அந்தத் தொல்லை இன்றும் நம்மை விடவில்லை.

சுமார் 250 டாலரிலிருந்து நல்ல தொடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. வீட்டிடங்களில் தேடுவதே நோக்கமென்றால், ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ், எக்ஸ்பி டியூஸ் 2, நோக்டா லெஜண்ட் போன்றவை ஏற்றவை. விலையை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஆறு அங்குல அளவிலான சிறிய தட்டு அதற்குக் கிடைக்கிறதா என்பதைத்தான். கையில் பிடித்துக் குழிக்குள் நுழைத்து உலோகத்தின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயிண்டர் என்ற சிறு கருவி ஒன்றும், விளிம்பில் பல் உள்ள உறுதியான கைமண்வெட்டி ஒன்றும் வேண்டும். மற்ற துணைக்கருவிகள் எல்லாம் கடைக்காரருக்கு நன்மை தருபவை.

வீட்டிடத்தில் தட்டை வைத்தாலே இடைவிடாமல் இரும்பு ஒலி வருகிறது. என்ன செய்வது?

வந்து குவியும் கேள்விகளில் முதன்மையானது இதுதான். விட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்பதே விடை. ஒரு மரவீட்டில் ஆயிரக்கணக்கான ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கும். வீடு எரிந்தாலும் மக்கினாலும் ஆணிகள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே ஆணி ஒலி நிறைந்த வட்டம் எதுவோ அதுவே வீடு. ஒலி அடங்கும் எல்லை எதுவோ அதுவே சுவர். நிலவறைக் குழியே இல்லாத இடங்களில், ஆணி ஒலியை மட்டும் பின்தொடர்ந்து வீட்டின் நான்கு மூலைகளையும் குச்சி நட்டுக் குறித்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆணிக்கு அருகிலோ அடியிலோ கிடக்கும் நாணயத்தின் ஒலியை ஆணி விழுங்கிவிடும். தொடக்க நிலையிலிருப்பவர்கள் இரும்பை முற்றிலும் ஒலிக்காதபடி அடைத்துவிட்டு நடப்பார்கள். கருவி அமைதியாக இருக்கும், நாணயமும் சேர்ந்து அமைதியாகிவிடும். இரும்பொலியைத் தாழ்ந்த உறுமலாகக் கேட்கும்படி விட்டுவைப்பதே மேல். பிறகு சிறிய தட்டைப் பொருத்தி, கருவியின் மீட்பு வேகத்தை, அதாவது ஓர் உலோகத்தை ஒலித்துவிட்டு அடுத்ததை உணரத் தயாராகும் வேகத்தை, கூட்டி, வழக்கமான வேகத்தில் பாதியாக, தட்டைத் தரையை ஒட்டி நகர்த்த வேண்டும். உறுமல்களுக்கு நடுவே ஒரு கணம் மட்டும் கீச்சென்று உயர்ந்த ஒலி எழுந்து மறையும். அந்த இடத்தில் நின்று, தட்டைச் சில அங்குல அளவில் முன்னும் பின்னும் அசைத்து, பிறகு கால் பங்கு திரும்பி வேறு திசையிலிருந்தும் அசைத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒலி அதே புள்ளியில் நின்றால் தோண்டலாம். திரும்பியதும் ஒலி மறைந்தாலோ ஓர் அங்குலம் நகர்ந்தாலோ, அது பெரும்பாலும் வளைந்த ஆணியின் தலை.

இன்னொரு ஏமாற்று உண்டு. வளையமாகவோ தட்டையாகவோ உள்ள பெரிய இரும்பு, எடுத்துக்காட்டாகச் சக்கரப் பட்டையின் துண்டு, லாடம், கோடரித் தலை ஆகியவை, அவற்றின் வடிவத்தால் வெள்ளிக்குரிய உயர்ந்த ஒலியையே எழுப்பும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும். கோடரித் தலை கிடைத்தால் அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

ஆணிகளால் வேறு பயன் உண்டா?

உண்டு, நாணயத்தை விட ஆணி நம்பகமான சாட்சி. கொல்லன் கையால் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பி, தலையில் சம்மட்டி அடிகளின் முகங்களோடு ரோஜா மொட்டுப் போல இருக்கும். இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டியெடுத்த ஆணி 1790களில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜேக்கப் பெர்கின்ஸ் இதற்கான இயந்திரத்துக்கு 1795இல் காப்புரிமை பெற்றார். அதன் இரண்டு பக்கங்கள் மட்டும் கூம்பும், மற்ற இரண்டும் இணையாகச் செல்லும். இன்று கடையில் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் பரவலானது. ஒரு வீட்டிடத்தில் அடித்த ஆணியும் வெட்டாணியும் கலந்து கிடந்து, கம்பி ஆணி ஒன்றுகூட இல்லையென்றால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ பத்தொன்பதின் தொடக்கத்திலோ கட்டி, 1890களுக்கு முன்பே கைவிட்ட வீடு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எனவே முதல் அரைமணி நேரத்தில் சில ஆணிகளை வேண்டுமென்றே தோண்டிப் பார்ப்பது நேர விரயமன்று.

குழிக்குள் தேடுவதா, வெளியிலா?

வெளியில். நிலவறைக்குள் சரிந்து கிடப்பது சுவரும் புகைபோக்கியும் அடுப்பிரும்பும். அங்கே கல்லைப் பெயர்ப்பது ஆபத்து, பயனும் குறைவு. மக்கள் பணத்தைத் தவறவிட்டது நடமாடிய இடங்களில். வாசற்படியைச் சுற்றி, வாசலிலிருந்து கிணற்றுக்குச் செல்லும் வழி, களஞ்சியத்துக்குச் செல்லும் வழி, கல் வேலியில் வண்டி நுழையும் இடைவெளி, பெரிய மேப்பிளின் நிழல் என்ற வரிசையில் தொடங்குங்கள். குளிர்ப் பிரதேசமாதலால் வெயில் விழும் தெற்கு வாசலில்தான் வேலையும் அரட்டையும் நடந்திருக்கும். வடக்குப் பக்கத்தைக் கடைசிக்கு வைக்கலாம்.

பண்ணைகளில் வீட்டையொட்டியே குடும்ப இடுகாடு இருப்பதுண்டு. எழுத்தில்லாத வெறும் வயற்கல்லைத் தலைமாட்டில் நட்டிருப்பார்கள். சிறு சதுர வேலிக்குள் நிமிர்ந்து நிற்கும் கற்களைக் கண்டால் அந்தப் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது. சட்டமும் அதையே சொல்கிறது.

என்னென்ன நாணயங்கள் கிடைக்கும்?

இங்குள்ளவர்கள் அதிகம் விரும்புவது பெரிய செம்பு சென்ட். 1793 முதல் 1857 வரை அச்சிடப்பட்ட அது சுமார் 27 முதல் 29 மில்லிமீட்டர் அகலமுள்ளது. இன்றைய கால் டாலரை விடப் பெரியது. பண்ணைக் காலத்தோடு ஒத்துப்போவதால் நிலவறைக் குழிகளில் எதிர்பார்க்கத்தக்க நாணயமும் இதுவே. அதற்கு முன் கனெக்டிகட், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் ஆகியவை 1785க்கும் 1788க்கும் இடையில் தத்தம் செம்பு நாணயங்களை வெளியிட்டன. அப்போது வெர்மான்ட் தனிக் குடியரசாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் ஜார்ஜ் மன்னர்களின் பிரிட்டிஷ் அரைப்பென்னிகளும் கலந்தே புழங்கின. பிற்கால வீடுகளில் 1859 முதல் 1909 வரையிலான இந்தியன் ஹெட் சென்ட், அமர்ந்த சுதந்திர தேவி உருவமுள்ள வெள்ளி டைம் (பத்து சென்ட் காசு) ஆகியவை வரும்.

வெள்ளியில் பலர் வியப்பது ஸ்பானிய ரியால். மெக்சிகோவிலும் பெருவிலும் அச்சிட்ட அந்தக் காசு, 1857 பிப்ரவரிச் சட்டம் வரும்வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியான பணம். எட்டு ரியால் ஒரு டாலர் என்பதால் ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட். சில்லறைத் தட்டுப்பாட்டில் காசையே உளியால் துண்டாக்கிக் கொடுத்தார்கள். ஆப்புப் போன்ற அந்தத் துண்டுகளும் மண்ணில் கிடைக்கும்.

நம் கடலோடு தொடர்புள்ள ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ரோட் ஐலண்டின் மிடில்டவுனில் ஒரு பழத்தோட்டத்தில், 2014இல் பொழுதுபோக்காகத் தேடிய ஒருவருக்கு 1693இல் ஏமனில் அச்சிட்ட அரபு எழுத்து வெள்ளிக் காசு கிடைத்தது. 1695இல் மக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த முகலாயரின் கஞ்ச்-இ-சவாய் கப்பலை ஹென்றி எவரி என்ற கடற்கொள்ளையன் சூறையாடினான். அவனுடைய கூட்டத்தார் வழியாக அந்தக் காசு அமெரிக்கா வந்திருக்கலாம் என்று கண்டெடுத்தவர் வாதிடுகிறார். நியூ இங்கிலாந்தில் வேறு சில இடங்களிலும் அதே காலத்து அரபுக் காசுகள் கிடைத்திருப்பது இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது.

நாணயத்தில் உள்ள ஆண்டு வீட்டின் ஆண்டாகுமா?

ஆகாது. நாணயம் அச்சிட்ட பிறகு பல பத்தாண்டுகள் புழங்கும். 1770களின் ரியால் 1850இல்கூடத் தொலைந்திருக்கலாம். ஆண்டே பொய்யாக இருப்பதும் உண்டு. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பைன் மர ஷில்லிங் 1667க்கும் 1682க்கும் இடையில் அச்சிடப்பட்டும், எல்லாவற்றிலும் 1652 என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாணயத்தின் ஆண்டிலிருந்து தெரிவது ஒன்றே: அது மண்ணில் விழுந்தது அந்த ஆண்டுக்கு முன்பன்று. தேய்மானத்தையும் ஆணிகளையும் பானை ஓடுகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

நாணயம் தவிர வேறென்ன கிடைக்கும்?

நாணயம் ஒன்றுக்குப் பொத்தான் பல என்பதே நடைமுறை. பின்புறம் வளையம் வைத்த தட்டையான பித்தளைப் பொத்தான்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1830கள் வரையிலானவை. மெதுவாக மண்ணைத் தட்டிப் பின்புறத்தைப் பாருங்கள். பொன் முலாம் பூசிய தரத்தையும் லண்டன் என்ற ஊர்ப்பெயரையும் வட்டமாக அச்சிட்டிருப்பார்கள், சில இடங்களில் முலாமே மின்னும். கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் இயங்கிய ஸ்கோவில் நிறுவனத்தின் பெயரும் அடிக்கடி வரும். காலணிக் கொக்கிகள், ஈயத் துப்பாக்கிக் குண்டுகள், தைக்கும்போது விரல்நுனியில் மாட்டும் உறைகள், வெள்ளீயக் கரண்டிகளின் காம்புகள், மவுத் ஆர்கனின் உட்தகடுகள் என்று பட்டியல் நீளும். குதிரை வண்டியில் கட்டிய உருண்டைச் சலங்கைகள் கிடைத்தால், அவற்றில் பல கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் வார்த்தவை. 1808 முதல் மணி வார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஊர் அது.

மாட்டு லாடத்தை நம்மவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இங்கும் ஏர் இழுத்தவை எருதுகள்தான். பிளந்த குளம்பாதலால் காலுக்கு இரண்டு துண்டு. அமெரிக்க நண்பர்கள் அதை என்னவென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். எருதின் கொம்பு நுனியில் திருகிய பித்தளைக் குமிழும் கூடவே கிடைப்பதுண்டு.

எப்படித் தோண்ட வேண்டும்?

முதலில் சருகை ஒதுக்குங்கள். வேர்ப்பிடிப்புள்ள மேல்மண்ணை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தை அறுக்காமல் மூடிபோலத் திருப்புங்கள். எடுத்த மண்ணைத் துணியில் கொட்டுங்கள். பின்பாயிண்டரால் பொருளின் இடத்தை உறுதி செய்த பிறகு கையால் மண்ணை உதிருங்கள். மண்வெட்டி செம்பில் இட்ட கீறலை எவராலும் நீக்க முடியாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பச்சை வட்டு தெரிந்ததும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மண்கட்டியை வீசிவிடாதீர்கள். களிமண் கலந்த இடத்தில் நாணயத்தின் முகம் கட்டியில் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். செம்பு அரித்துப்போய் ஆண்டு படிக்க முடியாதபோது, கட்டியில் பதிந்த எண்ணைக் கண்ணாடியில் பார்த்துப் படித்துவிடலாம். உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மண்ணைத் திரும்பக் கொட்டி, மூடியைச் சாத்தி, காலால் அழுத்தி, சருகைப் பரப்பிவிட்டு எழுந்திருங்கள்.

சுத்தம் செய்யலாமா?

வெள்ளியைத் தேய்க்காமல் வெறும் நீரில் அலசலாம். செம்பில் அவசரம் கூடாது. இந்தக் காட்டு மண் அமிலத்தன்மை கொண்டதால் செம்பின் மேற்பரப்பு ஏற்கெனவே உளுத்திருக்கும். குழாயடியில் தேய்த்தால் பச்சைப் படலத்தோடு உருவமும் உதிர்ந்துவிடும். உலரவிட்டு, மரப் பல்குத்தியால் மண்துகளை ஒவ்வொன்றாக நீக்குவதே போதும். புளியும் எலுமிச்சையும் நம் வீட்டுக் குத்துவிளக்குக்கு உரியவை. நாணயத்தில் பூசினால் சேகரிப்பாளர் எவரும் வாங்க மாட்டார். ஈயக் குண்டுகளைக் கையாண்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

தொல்லியலாளர்கள் இதை ஏன் எதிர்க்கிறார்கள்?

ஒரு பொருள் எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி பொருளை விடப் பெரியது. எடுத்தவுடன் அது அழிந்துவிடுகிறது என்பது அவர்களுடைய முறையீடு. அதில் உண்மை இருக்கிறது. அதே வேளையில் கருவியே கேடு என்று சொல்வதும் பொருந்தாது. மொன்டானாவில் 1876இல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில், 1983இல் புல் எரிந்தபின், டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்னும் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டர் ஆர்வலர்களைத் துணைக்கொண்டு 1984இல் களம் முழுவதையும் அளந்தனர். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொடி நட்டு இடத்தைப் பதிந்ததால், யார் எங்கே நின்று சுட்டார்கள், எப்படி நகர்ந்தார்கள் என்பதை மீட்டெடுக்க முடிந்தது.

நம்மால் செய்யக்கூடியது எளிது. கைப்பேசியிலுள்ள ஜிபிஎஸ் கொண்டு இடத்தைக் குறித்து, ஆழத்தை எழுதி, ஒவ்வொரு பொருளையும் எண்ணிட்ட உறையிலிட்டு, நிலவறைக் குழியின் வரைபடத்தில் அந்த எண்ணைக் குறித்தால் போதும். ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு அந்தத் தாளின் படி ஒன்றைக் கொடுங்கள். பழங்குடி மக்களின் கல் அம்பு முனைகளோ அடுப்புக் கரியோ தென்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, உரிமையாளரிடமும் மாநிலத் தொல்லியல் அலுவலகத்திடமும் தெரிவிக்க வேண்டும்.

காட்டில் எதற்கு அஞ்ச வேண்டும்?

பாம்பை விட உண்ணிக்கு. உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோய் என்ற பெயரே கனெக்டிகட்டின் லைம் என்னும் ஊரிலிருந்து வந்தது. 1970களின் நடுவில் அங்கேதான் அது கவனத்துக்கு வந்தது. கருங்கால் உண்ணியின் குஞ்சு கசகசா அளவே இருக்கும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி அணிந்து, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் நுனி கூரிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும் என்பதால் அன்றன்றே பார்ப்பது பயன் தரும். வட்டத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணியைப் பற்றிச் சொல்லுங்கள்.

அடுத்தது கிணறு. மேலே வைத்த பலகை மக்கி, அதன்மேல் சருகு மூடியிருக்கும். புதிய இடத்தில் கோலால் தட்டிப் பார்த்தே காலெடுத்து வைக்க வேண்டும். தனியாகச் செல்லக் கூடாது. மான் வேட்டைப் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சுச் சட்டை அணிய வேண்டும். புதர் அடர்வதற்கு முந்தைய ஏப்ரலும், இலை உதிர்ந்தபின் வரும் அக்டோபர் இறுதியும் தேடுவதற்கு ஏற்ற காலங்கள். நடுக்குளிரில் மண் உறைந்து கல்லாகிவிடும்.

இதனால் பணம் கிடைக்குமா?

கருவியின் விலையைக்கூடப் பலர் எடுப்பதில்லை. மண்ணில் கிடந்து உளுத்த பெரிய சென்ட் சில டாலருக்கு மேல் போகாது. 1793ஆம் ஆண்டின் சங்கிலி சென்ட் போன்ற அரியவை பெரும் விலை பெறும் என்பது உண்மை. அதை நம்பி வேலையை விடுவது லாட்டரிச் சீட்டை நம்புவதற்குச் சமம். அரிதாக ஏதும் கிடைத்ததென்று தோன்றினால், எதுவும் செய்யாமல் அப்படியே நாணய மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொண்டு செல்லுங்கள், உரிமையாளருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குச் செல்லும்போது தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

நிலம் உங்கள் குடும்பத்தினுடையதாக இருந்தாலும் இங்குள்ள பழக்கத்தை அங்கே கொண்டு செல்லக் கூடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேலானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்; மறைத்தால் தண்டனை உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயமும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் அடங்குவதால், அதைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. வயலில் உழும்போது காசு தட்டுப்பட்டதாக உறவினர் யாரேனும் சொன்னால், வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாநிலத் தொல்லியல் துறையிலோ தெரிவிக்கச் சொல்லுங்கள்.